மட்டைக்கு முன் ஷூ

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டிலேயே அடைந்து கிடக்காமல், திருச்சியில் உன் வீட்டருகே திறந்திருக்கும் உள்ளரங்கில் காலை நேரத்தில் இறகுப்பந்து ஆடப் போகிறாய் என்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். கல்லூரியில் கம்பளிப் பந்தால் ஆடும் பூப்பந்து அணிக்கு ஆடிய கை அது. இத்தனை ஆண்டுகள் சும்மா இருந்தாலும் பந்து வரும் திசையைக் கண்டுகொள்ளும் பழக்கம் உன்னை விட்டுப் போயிருக்காது. உன் மகன் பன்னிரண்டாயிரம் ரூபாயில் ஒரு மட்டை வாங்கித் தரப் போவதாகவும், ஷூ மட்டும் நடைப்பயிற்சிக்கு வாங்கியதே போதும் என்று நினைப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்.

இங்கே அனைவரும் நலம். எனக்குக் காலை ஆட்டம் தொடர்கிறது. என் மனைவி எங்கள் குடியிருப்பில் பிக்கிள்பால் (துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை நரம்பில்லாத கெட்டி மட்டையால் வலைக்கு மேல் அடிக்கும் ஆட்டம்) ஆடத் தொடங்கியிருக்கிறாள். உன் வீட்டில் தங்கைக்கும் அதில் விருப்பம் என்று நீ எழுதியிருப்பதால் அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

நடைப்பயிற்சி ஷூவும் ஓட்டத்துக்கான ஷூவும் முன்னோக்கிச் செல்வதற்காகவே செய்யப்படுகின்றன. குதிகால் பக்கம் மெத்தை உயரமாக இருக்கும். முன்பாதத்தைவிடக் குதிகால் பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்து நிற்கும். நேராக நடக்கும்போது அது சுகம். ஆனால் இறகுப்பந்தில் நேராக நடப்பது மிகக் குறைவு. வலைப்பக்கம் பாய்ந்து ஒரு காலை நீட்டி ஊன்றுகிறோம், உடனே பின்வாங்குகிறோம், பக்கவாட்டில் தாவுகிறோம், பின்கோட்டருகே உடலைத் திருப்பி எழும்பி இறங்குகிறோம். உயரமான, மிருதுவான மெத்தையின் மேல் நின்றுகொண்டு பக்கவாட்டில் காலை ஊன்றினால், மெத்தை ஒரு பக்கம் அமுங்கி, பாதம் வெளிப்புறமாக மடிந்து, கணுக்கால் பிசகிவிடுகிறது. எங்கள் அரங்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார நேர்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் விலை உயர்ந்த ஓட்ட ஷூவோடு வந்தவர்கள்தாம்.

பூப்பந்து ஆடிய உனக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாம் ஆடியது மண் தரை. அங்கே ஓடி வந்து நிற்கும்போது கால் சற்றுச் சறுக்கிய பிறகே நிற்கும். அந்தச் சிறு சறுக்கல்தான் முழங்காலையும் கணுக்காலையும் காப்பாற்றியது. உள்ளரங்கில் விரித்திருக்கும் சிந்தெடிக் மேட், அதாவது செயற்கை விரிப்பு, அப்படியல்ல. ரப்பர் அடிப்பாகம் பட்ட இடத்திலேயே அது காலைப் பிடித்து நிறுத்திவிடும், உடல் மட்டும் முன்னே போக முயலும். அந்த வேகம் முழுவதையும் ஷூவின் பக்கச் சுவர் தாங்கிக்கொள்ள வேண்டும்; தாங்காவிட்டால் பாதம் ஷூவுக்குள்ளேயே நழுவி, விரல் நகம் முன்புறம் மோதிக் கறுத்துப் போகும், அல்லது கணுக்கால் மடங்கும். ஆகவே தரை காலை எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் ஷூவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறகுப்பந்துக்கென்று செய்த ஷூவை எடுத்துப் பார்த்தால் இந்தக் காரணங்கள் அனைத்தும் அதன் உருவத்திலேயே தெரியும். அடிப்பாகம் மெல்லியதாகவும் தரையோடு ஒட்டித் தாழ்வாகவும் இருக்கும். தேன் நிறத்திலோ வெள்ளையாகவோ இருக்கும் மிருதுவான, ஒட்டிப் பிடிக்கும் ‘கம் ரப்பர்’ அந்த விரிப்பில் நன்றாகப் பிடிக்கும், தரையில் கறையும் படியாது. பல அரங்குகளில் கறை படியாத அடிப்பாகம் இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்கள். முன்பாதத்தின் வெளிப்பக்கம் சுவர் கெட்டியாக இருக்கும். பாய்ந்து ஊன்றும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகால் என்பதால் அதன் விளிம்பு வளைவாக இருக்கும். பின்காலை இழுத்து வரும்போது பெருவிரலின் உட்பக்கம் தரையில் உரசும். அந்த இடத்தில் தடித்த பூச்சு ஒன்று வைத்திருப்பார்கள். 4,000 ரூபாய் அளவிலேயே இவை எல்லாம் உள்ள நல்ல ஷூ கிடைக்கிறது. அதற்கு மேல் போகும் விலை பெரும்பாலும் எடைக் குறைவுக்கும் மெத்தைத் தொழில்நுட்பத்துக்கும் ஆனது. நம் வயதில் மெத்தைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

கடைக்கு மாலையில் போ. பகலெல்லாம் நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஆடும்போது அணியப் போகிற கனமான காலுறையையே அணிந்துகொண்டு இரண்டு கால்களிலும் போட்டுப் பார். ஒரு கால் மற்றதைவிடச் சற்றே நீளமாக இருப்பது இயல்பு, பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். செருப்பிலேயே பழகிய நம் கால்களுக்கு முன்பாதம் அகன்றிருப்பதால், நீளம் சரியாக இருந்தும் பக்கங்கள் இறுக்கும். அப்போது ஒரு அளவு பெரியதை வாங்கிவிடாதே, அதே அளவில் அகலமான வகை உண்டா என்று கேள். பெரிய அளவை வாங்கினால் விரல்களுக்கு இதமாக இருந்தாலும் குதிகால் ஆடும், குதிகால் ஆடினால் மற்ற எல்லாமே வீண். கயிற்றைக் கடைசித் துளை வரை கட்டி, கடைக்குள்ளேயே வலைக்குப் பாய்வதுபோல ஒரு காலை நீட்டி ஊன்றிப் பார். குதிகால் ஷூவை விட்டு எழும்பக் கூடாது, விரல் நுனி இடிக்கக் கூடாது. பிறகு கையில் எடுத்து வளைத்துப் பார். விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடியக் கூடாது.

வாங்கிய பிறகு அதை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போகாதே. தெருப் புழுதி ஒட்டிய கம் ரப்பர் விரிப்பில் பிடிப்பதில்லை, சிமெண்டு சாலையோ அந்த ரப்பரை விரைவில் தேய்த்துவிடும். பையில் எடுத்துப் போய் அரங்கில் மாற்றிக்கொள். ஆட்டத்துக்கு முன் ஈரத் துணியால் அடிப்பாகத்தைத் துடைத்துக்கொள். பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் ரப்பர் ஆண்டுகள் போகப் போக இறுகிவிடும் என்பதால், தள்ளுபடியில் கிடைக்கிறது என்று இரண்டு சோடி வாங்கி வைப்பதிலும் பயனில்லை.

உனக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் காலுறையைக் கழற்றி, பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் ஒவ்வொரு நாளும் பார். உணர்ச்சி சற்றுக் குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது. புது ஷூவை முதல் சில நாட்கள் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கு. அடுத்தது குதிகாலின் பின்னால் இருக்கும் தடித்த தசைநாண். நாற்பதைக் கடந்து இறகுப்பந்துக்கு வருகிறவர்களுக்கு அது அறுந்துபோவது மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருக்கும் என்பார்கள். எந்த ஷூவும் அதை முழுவதும் தடுக்காது. கெண்டைக்காலைச் சூடேற்றி, படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை இப்போதே தொடங்கிவிடு. ஆட்டம் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் குற்றமில்லை.

இனி மட்டை. பூப்பந்தின் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம் வரை கனமுள்ளது. இறகு ஷட்டிலோ விதிப்படி 4.74 முதல் 5.50 கிராம் வரைதான். கம்பளிப் பந்துக்கு முழுக் கையையும் வீசிப் பழகிய நீ, ஐந்து கிராம் பொருளுக்கும் அதே வீச்சை வீசினால் முழங்கையும் தோளும்தான் வலிக்கும். இங்கே வேகம் பிறப்பது முன்கையின் சுழற்சியிலும், அடிக்கும் கணத்தில் விரல்கள் பிடியை இறுக்குவதிலும்தான். உன் மகன் பார்த்து வைத்திருப்பது தலைப்பகுதி கனமான, தண்டு விறைப்பான மட்டை என்று நீ எழுதிய விவரத்திலிருந்து தெரிகிறது. அது வேகமான கை கொண்ட இளைஞர்களின் மட்டை. விறைப்பான தண்டை வளைக்கும் வேகம் நம் கையில் இல்லையென்றால் அது தரும் ஆற்றலும் நமக்குக் கிடைக்காது, அதிர்ச்சி மட்டும் முழங்கைக்கு வரும். 4யூ என்று குறித்திருக்கும், அதாவது 80 முதல் 84 கிராம் வரை எடையுள்ள, தண்டு நன்றாக வளையும், எடை சமமாகப் பரவிய முழு கிராஃபைட் மட்டையைக் கேள். அது அவன் சொன்ன விலையில் நான்கில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். மகனின் அன்பைத் தட்ட வேண்டாம். அதே பணத்தில் ஷூ, மட்டை, பை, நல்ல கட்டிங் (மட்டைக்கு நரம்பு பின்னுவது) எல்லாம் வாங்கித் தரச் சொல்.

கட்டிங் பற்றி ஒரு சொல். நரம்பை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு வேகம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. தளர்வான நரம்புதான் ஷட்டிலை உந்தித் தள்ளும். இறுக்கினால் துல்லியம் கூடும், ஆனால் சரியாகப் படும் இடம் சுருங்கிவிடும். உனக்கு 22 அல்லது 23 பவுண்டு இறுக்கம் போதும். கட்டிங் போடுகிறவர் 28 என்று சொன்னால் மறுத்துவிடு. பிடியின் அளவு ஜி5 என்று குறித்த மெல்லிய பிடியை எடுத்து, அதன் மேல் ஒரு சுற்றுப்பட்டை சுற்றிக்கொள். திருச்சி வெயிலில் கை வியர்க்கும், பட்டையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். மட்டையை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதே, நரம்பின் இறுக்கம் போய்விடும்.

ஷட்டிலின் செலவைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பதினாறு இறகுகள் கொண்ட நல்ல ஷட்டில் இளைஞர்கள் ஆடும் ஆட்டத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தொடங்குகிறவனுக்கு நைலான் ஷட்டில் போதும். பச்சைப் பட்டை உள்ளதை வாங்கு, சிவப்பு வேண்டாம். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது, அதில் ஷட்டில் நீளமாகப் பறக்கும். எனவே நம் ஊருக்கு மெதுவான வகையே பொருந்தும். இறகு ஷட்டிலில் 75, 76 என்று குறித்தவை மெதுவானவை, 77, 78 வேகமானவை. ஐயம் இருந்தால் விதிப்புத்தகத்தின் சோதனையையே செய்து பார்க்கலாம்: பின்கோட்டிலிருந்து கீழ்க்கையாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் உள்ளே விழ வேண்டும்.

உன் மூக்குக் கண்ணாடியைப் பற்றியும் கவலை இருக்கிறது. இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கும் கணத்தில்தான் பெரும்பாலும் கண்ணில் அடி படுகிறது. ஸ்குவாஷில் சிறார் போட்டிகளுக்கும் இரட்டையர் போட்டிகளுக்கும் கண் காப்பு கட்டாயம். இறகுப்பந்தில் அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும் ஷட்டிலின் தக்கை கண்குழிக்குள் பொருந்தும் அளவு சிறியது. கண்ணாடிக் கடையில் பாலிகார்பனேட் வில்லை கேட்டு, பின்னால் பட்டையிட்ட ஒரு கண்ணாடியை ஆட்டத்துக்கென்று செய்துகொள்.

தங்கைக்கு பிக்கிள்பால் மிகவும் பொருந்தும். 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த ஆட்டம் அது. அதன் ஆடுகளம் இறகுப்பந்தின் இரட்டையர் களத்தைப் போலவே 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது என்பதால், குடியிருப்புகளில் ஏற்கெனவே கோடு போட்ட இடத்தில் எளிதாக ஆடிவிடலாம். வலை நடுவில் 34 அங்குல உயரம்தான். ஆனால் ஷூவில் இங்கே கணக்கு மாறுகிறது. வெளியே சிமெண்டுத் தளத்தில் ஆடுவதற்கு உன்னுடைய கம் ரப்பர் ஷூ உதவாது, சில வாரங்களில் தேய்ந்துவிடும். டென்னிஸ் ஆடுகிறவர்கள் கடினத் தளத்துக்கு அணியும், அடிப்பாகம் கெட்டியான ஷூதான் வேண்டும். பக்கச் சுவரின் உறுதி அதிலும் அவ்வளவே முக்கியம். மட்டையின் நீளம் விதிப்படி 17 அங்குலத்தையும், நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தையும் தாண்டக் கூடாது, எடைக்கு வரம்பில்லை. என் மனைவி 16 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மட்டையைத் தேர்ந்தெடுத்தாள்; தேனடைபோன்ற பிளாஸ்டிக் உள்ளீடு தடித்திருந்தால் பந்து மென்மையாக வரும், மணிக்கட்டுக்கு அதிர்ச்சி குறையும். தங்கைக்கும் அதையே சொல்வேன். வெளியே ஆடும் பந்தில் சிறிய துளைகள் நாற்பது இருக்கும், உள்ளே ஆடுவதில் பெரிய துளைகள் இருபத்தாறு. காற்றடிக்கும் மாடியில் உள்ளரங்கப் பந்தை வைத்துக்கொண்டு யாராலும் ஆட முடியாது.

தை மாதம் ஒரு திருமணத்துக்காகத் திருச்சி வருகிறோம். அதுவரை மட்டையை வாங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வை. ஒரு மாலையில் இருவரும் கடைக்குப் போகலாம். அதற்கு முன் அரங்குக்குப் போய் இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டு எழுது: விரிப்புக்கு அடியில் மரப்பலகை இருக்கிறதா, அல்லது சிமெண்டின் மேலேயே விரித்திருக்கிறார்களா? சிமெண்டு என்றால் முழங்காலை நினைத்து மெத்தை சற்றுத் தடித்த ஷூவாகப் பார்க்க வேண்டும். காலையில் அங்கே ஆடுகிறவர்கள் நைலானா, இறகா? உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்