வரையாட்டுக்குப் பெயர் உண்டு, பாட்டிக்கு இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நீலகிரியைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட படக்கட்டுரையைப் பார்த்தேன். படங்களின் தரத்தில் எனக்குக் குறை ஏதும் இல்லை. பாறை விளிம்பில் நிற்கும் வரையாட்டின் படத்துக்குக் கீழே அதன் அறிவியல் பெயர், எடுத்த இடம், லென்ஸின் அளவு, ஷட்டர் வேகம் எல்லாம் அச்சாகியிருந்தன. பக்கத்தைப் புரட்டினால், முழுப்பக்கத்துக்கு ஒரு முதியவரின் முகம். கீழே "தோடர் இன மூதாட்டி" என்ற மூன்றே சொற்கள். அவர் யார், அவருடைய மந்து (தோடர் குடியிருப்பு) எது என்பது இங்கே பலருக்கும் தெரியும். அவர் எதிரே உட்கார்ந்து படம் எடுத்தவருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. அச்சுக்கு அனுப்பிய தங்கள் அலுவலகத்துக்கும் தோன்றவில்லை. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இது என்னை மிகவும் வருத்தியது.

நான் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நாடெங்கும் கேமராக்களில் ஓடிய பிலிமை இருட்டறையில் கையால் தடவிப் பார்த்தே பழக்கப்பட்டவன். எனவே படம் எடுப்பவர்கள் மீது எனக்குப் பகை இருக்கிறது என்று தாங்கள் எண்ண வேண்டாம்.

பெயரில்லாமல் படம் எடுப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்து தோடர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தது தாங்கள் அறியாததல்ல. அந்தக் காலத்துப் படங்களில் வரிசையாக நிற்க வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது. அளந்தவர்கள் வெளிநாட்டு ஆட்சியாளர்கள். நம் மொழியில், நம் மக்களுக்காக நடக்கும் ஒரு பத்திரிகை அதே வழக்கத்தைத் தொடர வேண்டுமா?

கட்டுரையில் இந்த மலையை "மனிதக் கை படாத ஆதி நிலம்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரிக்கு மேலே இருக்கும் படத்தில், பனிமூட்டத்துக்குப் பின்னால் தெரிவது இம்மலையின் இயற்கைக் காடான சோலை அல்ல, சீகை மரக்காடு. ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, பிறகு நம் அரசும் தோல் பதனிடும் பட்டைக்காகப் பரவலாக நட்டு வளர்த்த மரம் அது. சீகையும் கற்பூர மரமும் பைனும் புல்வெளியை விழுங்கியதால்தான் வரையாட்டுக்கு மேய இடம் குறைந்தது. 2024ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் எண்ணப்பட்ட வரையாடுகள் 1,031தான். எருமைகளை நூற்றாண்டுகளாக அந்தப் புல்வெளியில் மேய்த்து வந்த தோடர்கள், தங்கள் வழிபாட்டில் ஒவ்வொரு சிகரத்தையும் ஓடையையும் தனித்தனிப் பெயர் சொல்லி வணங்குகிறவர்கள். முக்கூர்த்திச் சிகரமும் அவர்களுக்குப் புனிதமானது. அப்படிப்பட்ட நிலத்தில் மனிதர் இருந்ததே இல்லை என்பதுபோல் எழுதினால், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை கேட்டு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு கெடுதல் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த தோடர் பெரியவர் ஒருவர், உதகையில் ஒரு விடுதிக்குக் கேரட் மூட்டை இறக்கப் போயிருந்தார். வரவேற்பறைச் சுவரில், கதவளவு பெரிதாக அவருடைய முகமே மாட்டியிருந்தது. யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஒரு பிரதிகூடக் கொடுத்ததில்லை. கூடப் போயிருந்த நான்தான் வாதாடினேன். அவர் தோளில் கிடந்த பூத்குளியை, தோடர்களின் பூவேலைப் போர்வையை, சரிசெய்துகொண்டு, பேசாமல் வண்டிக்குத் திரும்பினார். உச்சி வெயிலில் பெண்களைப் பூத்குளி போர்த்தச் சொல்லி, பணம் கொடுத்து, கேமராவுக்காக ஆட வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கோயிலைச் சுற்றியுள்ள கல்வேலியைத் தாண்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டும், ஒரே ஒரு படம் என்று தாண்டிப் போனவர்களும் உண்டு.

பறவைகளின் பாடும் இதைவிட மேலாக இல்லை. நீலகிரி சிரிப்பானின் குரலைக் கைபேசியில் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டு, எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று அது பதறி வெளியே வரும்போது எடுக்கிறார்கள். கூடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முன்னால் உள்ள குச்சிகளை ஒடித்துவிட்டுப் போனால், மறைவிழந்த குஞ்சுகள் காக்கையின் கண்ணில் பட எவ்வளவு நேரம் ஆகும்? கூட்டுப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று விசாரிக்காமல் வெளியிடும் பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில், அந்தப் பாட்டியிடம் சம்மதம் கேட்டு, அவர் பெயரையும் மந்தின் பெயரையும் திருத்தமாக வெளியிடுங்கள். அந்தப் படத்தில் ஒரு நல்ல பிரதி எடுத்து அவருக்கு அனுப்புங்கள். மந்துக்குத் தபால் போய்ச் சேருவது சிரமம் என்றால் என் முகவரிக்கு அனுப்பினால் போதும். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு நெடுநாள் வாசகர்,
இந்துநகர், உதகமண்டலம்.