அமிலம் ஊற்றுமுன் காரத்தன்மையைச் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஹாட் டப் எனப்படும் வெந்நீர்த் தொட்டி அமைத்திருப்போருக்காகத் தங்கள் இதழில் வெளியான பராமரிப்புக் குறிப்புகளில், பி.எச். அளவு 7.8-ஐத் தாண்டினால் அமிலம் சேர்க்கும்படி சொல்லப்பட்டிருந்தது. மொத்தக் காரத்தன்மையைச் சோதிப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. காவிரிப் படுகையில் இத்தகைய தொட்டியைப் பெரும்பாலும் போர் தண்ணீரால்தான் நிரப்புவோம் என்பதால், இதைச் சிறிய விடுபடலாக என்னால் கருத முடியவில்லை.

பி.எச். என்பது நீர் இந்த நேரத்தில் எவ்வளவு அமிலமாக அல்லது காரமாக இருக்கிறது என்பதைச் சொல்வது. மொத்தக் காரத்தன்மை என்பது, அந்த நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதைச் சொல்வது. காரத்தன்மையைத் தரும் பைகார்பனேட் உப்பு மிகுந்த நீரில் (போர் தண்ணீர் அப்படி இருக்கக்கூடும்) அமிலம் ஊற்றினால் பி.எச். இறங்கத்தான் செய்யும். ஆனால் அப்போது உண்டாகும் கரியமில வாயு, நீரின் சூட்டாலும் நீரைப் பீய்ச்சும் ஜெட்கள் கிளப்பும் காற்றுக் குமிழ்களாலும் வெளியேற வெளியேற, பி.எச். மறுபடி ஏறிவிடும். காரணம் தெரியாதவர் மீண்டும் அமிலப் புட்டியை எடுப்பார். காரத்தன்மையை அளக்காமலேயே இப்படித் தொடர்ந்தால், அது அளவுக்குக் கீழே போய், சிறிது அமிலத்துக்கே பி.எச். சட்டென விழுந்து, ஹீட்டரின் உலோகம் அரிக்கப்படும். மாறாக, மிகுந்த காரத்தன்மையை அப்படியே விட்டுவிட்டால், நம் வீடுகளில் வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் ஏறுகிற அதே வெள்ளைப் படிவு ஹீட்டரிலும் ஏறும், பி.எச். உயர்ந்த நீரில் குளோரினின் கிருமிநாசினி வீரியமும் குறையும். குளிப்பவரின் உடல்நலமே இதில் அடங்கியிருக்கிறது.

இத்தொட்டிகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமோ (ஐ.எஸ். 10500) 200 வரை ஏற்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரைகூட அனுமதிக்கிறது. ஆகவே, "குடிக்கவே நல்ல தண்ணீர்தானே" என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

சோதனை கடினமானதன்று. முழங்கை ஆழத்தில், ஜெட்களுக்கு அருகில் அல்லாமல், நீரை எடுக்க வேண்டும். சொட்டு முறைச் சோதனைப் பெட்டிகள் சிலவற்றில் 25 மில்லி நீரில் முதலில் குளோரினை நீக்கும் தயோசல்பேட்டும், பிறகு நிறங்காட்டியும் சேர்த்தால் நீர் பச்சையாகும். பெட்டியிலுள்ள அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வர, பச்சை சிவப்பாக மாறும் சொட்டோடு நிறுத்தி, சொட்டுகளின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். தயோசல்பேட்டை விட்டுவிட்டால், மிகுதியான குளோரின் நிறங்காட்டியை வெளுக்கச் செய்து கணக்கைக் கெடுத்துவிடும். தாள் பட்டைகள் விரைவானவை என்றாலும், அடுத்தடுத்த நிறங்களைப் பிரித்தறிவது கடினம். நான் சொட்டு முறையையே நம்புவேன்.

அளவு மிகுந்திருந்தால், மழைநீர் சேமித்து வைத்திருப்போர் அதைக் கலந்து நிரப்பலாம். மழைநீரில் காரத்தன்மை மிகக் குறைவு. மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீரை மட்டுமே நிரப்பியவர்களுக்கு எதிர்ச் சிக்கல் வரும்: அவர்கள் சமையல் சோடா சேர்க்க வேண்டும். 1000 லிட்டர் நீரின் காரத்தன்மையை லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயர்த்த ஏறத்தாழ 17 கிராம் போதும். முதலில் காரத்தன்மையைச் சரிசெய்துவிட்டு, அதன்பிறகே பி.எச். பக்கம் போக வேண்டும். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களிலும் கடுங்கோடையிலும் ஒரே போரின் நீர் ஒரே தன்மையோடு இருக்குமென்று கொள்ளாமல், தொட்டியின் நீரை மாற்றும்போதெல்லாம் சோதிப்பது நல்லது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்தி, போர் தண்ணீரின் காரத்தன்மை, கடினத்தன்மை இரண்டையும் அறிந்துகொள்ளலாம். தொட்டி வாங்குவதற்கு முன்பே அந்த அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும்படியும், பி.எச். அளவோடு காரத்தன்மை அளவையும் சேர்த்துப் பார்க்கும்படியும் அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாசகர்