வாப்பா போன பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்களுக்கு

கீழக்கரையிலும் பர்மிங்காமிலும் எங்களுக்காக ஓடியாடிய எல்லோருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

மனிதருக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி சொன்னவர் ஆகமாட்டார் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ்வுக்கு ஒவ்வொரு தொழுகையிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களில் பலருக்கு இன்னும் சொல்லவில்லை. சிலர் செய்தது என்ன என்பதே இந்த முறை ஊருக்கு வந்து உம்மாவோடு உட்கார்ந்து பேசியபோதுதான் முழுசாகத் தெரிந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2025 ஜனவரியில் வாப்பா மௌத்தானபோது நான் பர்மிங்காமில் இருந்தேன். காக்கா (அண்ணன்) ரியாத்திலிருந்து வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அதற்குள் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, மையவாடியில் அடக்கிவிட்டீர்கள். மகன் நிற்க வேண்டிய இடத்தில் தெருப் பிள்ளைகள் நின்றார்கள். பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாருக்கும் கபுர் வெட்டியவர்களுக்கும் நான் எதைக் கொடுத்தாலும் ஈடாகாது.

நான் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2024 கடைசியோடு பிரிட்டன், குடியேறிகள் வைத்திருந்த அனுமதி அட்டையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இணையக் கணக்குக்கு மாற்றியது. என் கணக்கில் பழைய பாஸ்போர்ட் எண்தான் இருந்தது. புதியதைச் சேர்க்கப் போனால் பக்கம் பிழை காட்டி நின்றுவிடும். அது சரியாகாமல் கிளம்பினால் திரும்பி வரும்போது விமானத்தில் ஏற்றுவார்களா என்ற பயம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு. இலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்த ராத்தா (அக்கா) ஒருவர், இஷா தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால், பிள்ளைகள் தூங்கிய பிறகும் எழுந்திருக்க மாட்டார். கடிதம் எழுதியது, போனில் காத்திருந்து பேசியது, கடைசியில் அதைச் சரி செய்தது எல்லாம் அவர்தான்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தார். நம் கடற்கரை முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபு, அதாவது அந்தச் சட்ட வழியைப் பின்பற்றுகிறவர்கள். மய்யித்து (இறந்தவர் உடல்) எதிரில் இல்லாவிட்டாலும் அவருக்காகக் காயிப் ஜனாஸா என்ற தொழுகையைத் தொழலாம். பர்மிங்காமில் எங்கள் தெருப் பள்ளிவாசல் ஹனஃபி என்ற இன்னொரு மத்ஹபின் வழியில் நடப்பது, அவர்களிடம் அந்தத் தொழுகை கிடையாது. ராத்தா இலங்கைக் குடும்பங்களுக்கெல்லாம் போன் போட்டு, ஒரு வீட்டின் முன்னறையில் வாப்பாவுக்காகத் தொழ வைத்தார். வாப்பாவை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் அவருக்காகக் கையேந்தினார்கள். அன்று இரவுதான் எனக்கு அழுகை வந்தது.

சரி, இனி ஊர்க் கதை. சிலிண்டர், கரண்ட் இணைப்பு, ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, சிம் எல்லாமே வாப்பா பெயரில். எதைத் தொட்டாலும் ஓடிபி கேட்கும், அது வாப்பாவின் போனுக்குப் போகும், அந்தப் போன் ரீசார்ஜ் முடிந்து அலமாரியில் கிடந்தது. உம்மாவோ, கணவர் இறந்த பிறகு பெண்கள் இருக்கும் இத்தாவில். நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்க மாட்டார், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டார். காக்காவும் விடுப்பு முடிந்து போய்விட்டார். யா அல்லாஹ், உம்மாவைப் பார்த்துக்கொள் என்று கேட்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு வழி இருக்கவில்லை.

திருப்புல்லாணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி, உம்மா வர முடியாது என்று கேள்விப்பட்டதும் வேலை முடிந்து வீட்டுக்கே வந்தது. இத்தா என்றால் என்ன என்று உம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, போட்டோ எடுக்கும்போதும் கையெழுத்து வாங்கும்போதும் அதற்கேற்ப நடந்துகொண்டது. இறப்புச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், ஓய்வூதியப் புத்தகத்தில் வேறுவிதம். முகமது என்று பெயர் வைத்த வீடுகளுக்கெல்லாம் தெரிந்த தொல்லை இது. வாரிசுச் சான்றிதழ் மனு திரும்பி வந்தபோது, என்ன தாள் குறைகிறது என்று விசாரித்து மறுபடி போட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய நாளும் உண்டாம். உம்மா கட்டிக் கொடுத்த தொதல் இனிப்பைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

செல்போன் கடைத் தம்பிக்கு என் மனசில் தனி இடம். வாப்பா ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் உம்மாவுக்குக் குரல் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தார். மாத்திரை போட்டியா, கதவைத் தாழ்ப்பாள் போட்டியா என்று சின்னச் சின்ன விசாரிப்புகள்தான். பிறகு உம்மாவின் போன் விழுந்து திரை போய்விட்டது. புதுப் போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று விற்றிருக்கலாம். அவன் திரையை மாற்றி, முதல் வேலையாக அந்தக் குரல்களை மெமரி கார்டில் ஏற்றி, எனக்கும் அனுப்பினான். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாது, பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் போடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். பென்ஷன் நின்றுவிடும், நம்பரைச் சொல்லுங்கள் என்று ஒருவன் மிரட்டியபோது, என் மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று உம்மா போனை வைத்துவிட்டார்.

மீன்கார அக்கா கொல்லைப்புறக் கதவு வழியாக வந்துபோனதை உம்மா சொல்லிச் சொல்லி மாளவில்லை. ஆணத்துக்கு (குழம்புக்கு) மீன் ஆய்ந்து கொடுத்து, மருந்துச் சீட்டை வாங்கிப்போய் மாத்திரை வாங்கி வந்து, சிலிண்டர்காரருக்குச் சில்லறை இல்லாதபோது தன் சுருக்குப் பையிலிருந்து கொடுத்திருக்கிறார். மாதா கோயிலில் உம்மாவுக்காக மெழுகுவத்தி ஏற்றினாராம். உம்மா அவருக்காகத் துஆ கேட்கிறார்.

நவம்பரில் குடும்ப ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். வாப்பா ரயில்வேக்காரர். உம்மாவின் கைரேகை கருவியில் விழவில்லை, வயசானால் ரேகை தேய்ந்துவிடும். தபால்காரர் அண்ணன் வீட்டுக்கே வந்து, வெளிச்சத்துக்காக நாற்காலியை முற்றத்தில் போட்டு, "கண்ணைச் சிமிட்டுங்கம்மா" என்று முகத்தைப் படம் பிடித்தே வேலையை முடித்துவிட்டார். கட்டணம் 70 ரூபாய். பதிவான எண்ணை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். இங்கே ஊரில் பகல் 11 மணி, அங்கே பர்மிங்காமில் விடியற்காலை 5:30. அன்றைய ஃபஜ்ரைக் கவலையில்லாமல் தொழுதேன். என் துஆவுக்குப் பதில் உங்கள் எல்லோருடைய கால்களில்தான் நடந்து வந்தது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு குடும்பத்தின் அத்தனை காரியத்தையும் ஒரே ஆளின் போன் நம்பரில் கட்டிவைப்பது வயசானவர்களைத் தவிக்க விடும் ஏற்பாடு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், வாப்பாவும் உம்மாவும் நல்லபடியாக இருக்கும்போதே உம்மாவுக்கென்று சிம், ஆதாரில் அவர் நம்பர், வங்கியில் கூட்டுக் கணக்கு என்று செய்துவையுங்கள்.

2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் போகவேண்டும் என்று வாப்பா ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. போன வாரம் உம்மாவைக் கூட்டிப் போனேன். டிக்கெட் எடுத்துத் தந்து, ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனது ஆட்டோக்கார மாமா. அவருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. ஜனாஸாவின்போது காக்கா ஊரில் இல்லாததால், மய்யித்துக்குக் கடன் பாக்கி இருந்தால் கேளுங்கள் என்று பிள்ளைகள் சொல்ல முடியவில்லை. இப்போது நான் சொல்கிறேன். வாப்பா யாருக்காவது தரவேண்டியிருந்தாலும், அந்த நாட்களில் எங்களுக்காக யாராவது கைக்காசு போட்டிருந்தாலும், தயங்காமல் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். மீன்கார அக்கா, உங்கள் கணக்கு எனக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. மாலையில் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே உம்மாவும் நானும் வீட்டில்தான் இருப்போம்.

வஸ்ஸலாம்.
உங்கள் தெருப் பிள்ளை