பயிலரங்குக்குப் போகிற பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ பஸ்ஸில் இருந்தாய், பாதி பேச்சு ஹாரன் சத்தத்தில் போய்விட்டது. அதோடு இது இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமும் இல்லை. வாட்ஸ்அப்பில் இவ்வளவையும் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது.

பி.எட். படிக்கிற உங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன்னால் கல்லூரியில் மூன்று நாள் பயிலரங்கு வைக்கிறார்கள், கூடப் படிக்கிற பிள்ளைகள் "கையெழுத்துப் போட்டுட்டு வந்துரலாம், சர்டிபிகேட் எப்படியும் தருவாங்க" என்கிறார்கள், நான் என்னம்மா செய்யட்டும் என்று கேட்டாய். போ. மூன்று நாளும் முழுசாக இரு. ஆனால் அங்கே எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போ.

உன் தோழிகள் சலித்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் போகாத பயிற்சி இல்லை. முக்கால்வாசி எப்படி நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காலையில் வருகைப் பதிவு, டீ, ஒரு விளையாட்டு, அப்புறம் ஐந்து குழுவாகப் பிரிந்து உட்காருங்கள் என்பார்கள். குழுவுக்கு ஒரு சார்ட், இரண்டு ஸ்கெட்ச் பேனா. கையெழுத்து நன்றாக இருக்கிற டீச்சர் எழுதுவார், சத்தமாகப் பேசுகிற சார் வாசிப்பார், மற்றவர்கள் வீட்டுக்கதை பேசுவார்கள். சாயங்காலம் சார்ட்டெல்லாம் சுவரில் தொங்கும், போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார்கள். மாநில அளவில் ஐந்து நாள் கற்றுக்கொண்டவர் மாவட்டத்தில் மூன்று நாளில் சொல்வார், அவரிடம் கேட்டவர் எங்களுக்கு ஒன்றரை நாளில் சொல்வார். வந்து சேர்வது திரையில் ஓட்டுகிற பிபிடி ஸ்லைடு மட்டும்தான். "இதை ஏன் செய்யணும்?" என்று கேட்டால், "மேலே இருந்து சொல்லியிருக்காங்க டீச்சர்".

இருந்தாலும் என்னை ஆசிரியராக்கியதும் ஒரு பயிற்சிதான். செயல்வழிக் கற்றல் வந்த காலம் அது, ஏபிஎல் என்போமே. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-இல் தமிழ்நாடு முழுக்க வந்தது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த முறையைப் பார்த்துவிட்டு வந்துதான் இங்கே ஆரம்பித்தார்கள். பாடத்தைப் படிப்படியாகக் காட்டுகிற ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் பாட அட்டை, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை, டீச்சரும் பாயில் உட்கார வேண்டும். பாயில் உட்காருவதற்கே பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள்!

அந்தப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கருத்தாளர் அம்மா வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "நூற்றைந்து எழுதச் சொன்னேன், 1005 என்று எழுதியிருக்கிறான், ஏன்?" என்று கேட்டார். கவனக்குறைவு என்றார் ஒருவர். அடிப்படை இல்லை, ஒன்றாம் வகுப்பு டீச்சர் சரியில்லை என்றார் இன்னொருவர். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. எல்லோரிடமும் ஒரு கைப்பிடி தீக்குச்சியைக் கொடுத்து, "இப்போ நீங்க எல்லாரும் வேற ஊருக்கு வந்திருக்கீங்க. இந்த ஊர்ல அஞ்சு சேர்ந்தா ஒரு கட்டு. அதனால 1, 2, 3, 4, அடுத்தது 10. எங்கே, 3-ஐயும் 4-ஐயும் கூட்டுங்க" என்றார்.

ஒரு சார் 7 என்றார். "7 இந்த ஊர்ல கிடையாதே சார்." அறையே அமைதியாகிவிட்டது. இருபது வருஷம் கணக்கு நடத்தியவர்கள் மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ணினோம். பக்கத்தில் இருப்பவர் தாளை எட்டிப் பார்த்தோம். விடை 12, அதாவது ஒரு கட்டும் இரண்டு குச்சியும். அடுத்து 21-இல் 4 போகச் சொன்னார். அதற்கும் 12-தான், நீயே போட்டுப் பார். கடன் வாங்கும்போது பத்து என்று கை தானாக எழுதிவிடும், அங்கே ஐந்துதான் வரும். யாராவது கேலி செய்துவிடுவார்களோ என்று பயமாகக்கூட இருந்தது. அதற்கப்புறம்தான் அந்த நோட்டுக்குத் திரும்பி வந்தார். நூறு என்று காதில் விழுந்தது, 100 எழுதினான். ஐந்து என்று விழுந்தது, பக்கத்தில் 5 எழுதினான். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். 100 என்ற அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 5 என்ற அட்டையை வைத்துக் காட்டினார். ஒரு சொற்பொழிவும் இல்லை.

இத்தோடு விட்டிருந்தால் நல்ல பயிற்சி என்று சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அவர் சில வாரம் கழித்து எங்கள் பள்ளிக்கு வந்தார். என் வகுப்பில் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "கேள்வி கேட்டதும் உடனே அடுத்த பிள்ளைகிட்ட போயிடறீங்க டீச்சர். மனசுக்குள்ள மூணு எண்ணிட்டுப் போய்ப் பாருங்க" என்றார். மறுநாள் எண்ணிப் பார்த்தேன். மூன்று வினாடி எவ்வளவு நீளம் என்று வகுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும்! ஆனால் வாயே திறக்காத பிள்ளை இரண்டு பேர் பதில் சொன்னார்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மா 1970-களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார் என்று பிற்பாடு படித்தேன். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக்கினால் பதில் நீளமாகிறது, "தெரியாது" என்பது குறைகிறது என்று கண்டிருக்கிறார். அதைப் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தால் பரீட்சைக்கு எழுதியிருப்பேன், வகுப்பில் செய்திருக்க மாட்டேன். ஒருவர் உட்கார்ந்து என்னைப் பார்த்ததால் செய்தேன்.

அதனால் உன் பயிலரங்கில் நீ தேட வேண்டியது இந்த இரண்டைத்தான். உன்னைப் பிள்ளையாக உட்கார வைத்துத் திணற வைக்கிறார்களா? நீ பாடம் எடுப்பதை யாராவது பார்த்து, பார்த்ததைச் சொல்கிறார்களா? இரண்டில் ஒன்று நடந்தால்கூட மூன்று நாள் தகும். நடக்காவிட்டால் நீயே நடக்க வை. கடைசி வரிசையில் உட்காராதே. "சார், ஒரு பத்து நிமிஷம் நான் எடுக்கட்டுமா, நீங்க பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேள். பெரும்பாலான கருத்தாளர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். பேசிப் பேசி அவர்களுக்கும் அலுத்துப் போயிருக்கும்.

நுண்ணிலைக் கற்பித்தல் (சின்னப் பாடத்தைச் சில நிமிஷம் எடுத்துப் பழகுவது) ரெக்கார்டு எழுதி முடித்துவிட்டேன் என்றாயே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1963-இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பவர் தொடங்கியது அது. உங்கள் புத்தகத்தில் 36 நிமிஷச் சுற்று என்று போட்டிருக்கும்: 6 நிமிஷம் எடு, 6 நிமிஷம் பின்னூட்டம், 12 நிமிஷம் மறுபடி திட்டமிடு, 6 நிமிஷம் மறுபடி எடு, மறுபடி 6 நிமிஷம் பின்னூட்டம். நிஜத்தில் என்ன நடக்கிறது? முதல் ஆறு நிமிஷம் எடுப்பீர்கள், "நல்லா இருந்துச்சு, குரல் இன்னும் கொஞ்சம் சத்தமா வரணும்" என்பார்கள், அடுத்த ஆள் வந்துவிடுவார். மறுபடி எடுப்பதுதான் அதன் உயிர். முதல் தடவை சறுக்கின இடத்தை இரண்டாவது தடவை கடப்பதற்காகத்தான் அந்தச் சுற்றே. நேரமில்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், ரெக்கார்டில் மட்டும் நடந்ததாக எழுதிக்கொள்கிறீர்கள். ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு பேர் உட்கார்ந்து செய்யுங்கள். இன்னொன்று, மாணவராக நடிக்கிற தோழிகள் எல்லோரும் சரியான பதிலையே கோரஸாகச் சொல்வார்கள். அது ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. ஒருத்தியிடம், எட்டாம் வகுப்புப் பையன் சொல்கிற மாதிரி தப்பான பதிலை மட்டும் சொல்லு என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்.

நீ இயற்பியல். உனக்கு ஒரு சோதனை சொல்கிறேன், பயிலரங்கில் சாப்பாட்டு இடைவேளையில் செய்து பார். ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி செல், ஒரே ஒரு வயர். ஹோல்டர் கிடையாது. பல்பை எரிய வை என்று எம்எஸ்சி படித்தவர்களிடம் கொடு. பாதிப் பேர் வயரின் இரண்டு முனையையும் பல்பின் அடியிலேயே வைத்து முழிப்பார்கள். பல்பின் அடிமுனை ஒன்று, பக்கவாட்டு உலோகம் ஒன்று என்று தொடவேண்டிய இடம் இரண்டு என்பது படத்தில் வரைந்தவர்களுக்கு மறந்துவிடும், கையில் பிடித்தவர்களுக்கு மறக்காது. உன் வகுப்புப் பிள்ளை, கரண்ட் செல்லிலிருந்து கிளம்பிப் பல்புக்குள் போய்த் தீர்ந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதை விளக்கம் சொல்லி மாற்ற முடியாது.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-லிருந்து 2002 வரை இப்படித்தான் அறிவியல் நடத்தினார்கள். கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் விடுமுறையில் கூடி, பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் முதலில் தங்கள் கையால் செய்து பார்ப்பார்கள். அப்புறம் மாதாமாதம் கூடி, வகுப்பில் எது சொதப்பியது என்று பேசுவார்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து உருவங்கள் செய்வாரே அர்விந்த் குப்தா, அவர் அங்கேதான் அதை ஆரம்பித்தார். முப்பது வருஷம் கழித்து அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது, எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான். எனக்குப் பிடித்தது அந்த மாதாந்திரக் கூட்டம். பயிற்சி முடிந்து வகுப்புக்குப் போய் அடிபட்டு வந்தவர்கள் பேசுகிற இடம் அது. உங்கள் செட்டில் நாலு பேர் சேர்ந்து, பயிற்சிப் பள்ளிக்குப் போன பிறகும் சனிக்கிழமை அரை மணி நேரம் போனில் இதையே செய்யலாம்.

அண்ணன் சொல்கிறான், இதற்குப் போகிற நேரத்துக்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கைடை எடுத்து உட்காரச் சொல்லுங்கள் என்று. அவன் சொல்வதும் தப்பில்லை. இரண்டாம் தாள் 150 மதிப்பெண், அதில் கணக்கும் அறிவியலும் மட்டும் 60. அதைப் பாஸ் செய்தால் அடுத்தது போட்டித் தேர்வு. படிக்கத்தான் வேண்டும். ஆனால் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற பரீட்சைக்கு வீட்டில் ராத்திரி படிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் கடைசி பீரியட் நிற்பதற்கு வீட்டில் படிக்க முடியாது. பி.எட். ஒரு வருஷமாக இருந்து இரண்டு வருஷமானதில் உங்களுக்குக் கிடைத்த பெரிய லாபமே இந்தப் பள்ளி அனுபவம்தான்: மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் வருஷத்தில். அதை ரெக்கார்டு எழுதியே கழித்துவிடாதே. கடையில் ரெடிமேட் சார்ட்டும் மாடலும் விற்கிறார்கள் என்று தெரியும். வாங்காதே, காசும் தண்டம், பிள்ளைகளும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காது.

பயிற்சிப் பள்ளிக்குப் போனால் ஸ்டாஃப் ரூமில் ஒரு சீனியர் சிரிப்பார். "இதெல்லாம் காலேஜ்ல சொல்றது, இங்க போர்ஷன் முடிக்கணும்மா" என்பார். எதிர்த்துப் பேசாதே. அறுபது பேர் இருக்கிற வகுப்பை வருஷக்கணக்கில் கட்டி மேய்த்தவர், அவருக்குத் தெரிந்தது நிறைய இருக்கும். "டீச்சர், உங்க கிளாஸ்ல பின்னாடி உட்காரட்டுமா?" என்று கேட்டு உட்கார். டீச்சரைப் பார்க்காதே, இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து முழு பீரியடும் அவர்களையே பார். எப்போது கவனம் போகிறது, எப்போது பக்கத்து நோட்டைப் பார்க்கிறது, எப்போது கை பாதி தூக்கிவிட்டு இறக்குகிறது என்று எழுதி வை. பயிலரங்கில் கற்றது எதுவாக இருந்தாலும், அதில் ஒன்றே ஒன்றை எடுத்து முதல் வாரத்திலேயே செய்து பார். ஐந்தையும் செய்யப் போகாதே. ஒரு மாதம் தள்ளிப் போட்டால் அப்புறம் செய்யவே மாட்டாய், நோட்டோடு பீரோவுக்குப் போய்விடும்.

சரி, வீட்டு விஷயம். சித்தி பெண்ணுக்கு நிச்சயம் தை மாதம் என்று பேசியிருக்கிறார்கள், உனக்கு லீவு எப்போது என்று பார்த்துச் சொல். முறுக்கும் பருப்புப்பொடியும் பார்சலில் போட்டிருக்கிறேன், ஹாஸ்டலில் எல்லோருக்கும் கொடு. எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு என்று முடிவானதும் போன் பண்ணு, பாடப்புத்தகம் இங்கே பக்கத்து வீட்டில் இருக்கிறது, நானும் ஒரு தடவை பார்த்து வைக்கிறேன். டார்ச் பல்பும் வயரும் அப்பாவை வாங்கி வரச் சொன்னேன். நாலு பல்பு வாங்கினார், ஒன்பது வோல்ட் பேட்டரியில் வைத்துச் சரிபார்க்கிறேன் என்று ஒன்றைப் பியூஸாக்கிவிட்டார். மிச்சம் மூன்றும் முறுக்கு டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது, தட்டில் கொட்டும்போது பார்த்துக் கொட்டு.

அன்புடன்,
அம்மா