படுத்துக்கொண்டே ஆராதனையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். படுத்துக்கொண்டே செல்போனில் ஆராதனை பார்க்கிறவர்களுக்கு சபையாரோடு ஒன்றாய் இருக்கும் ஐக்கியத்தின் அருமை தெரியாது என்று சென்ற இதழில் ஒரு ஐயா எழுதியிருக்கிறார். ஆமாம், நான் படுத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். இடுப்பெலும்பு முறிந்தவள், தண்டையார்பேட்டையில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து எப்படி இறங்கி வருவது என்றும் அவரே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

2020 மார்ச்சில் ஆலயங்களைப் பூட்டியபோது, வீடே ஆலயம் என்று யூடியூபில் வந்து பிரசங்கித்தது யார்? தங்களுக்குத் தெரியாததா! எங்கள் சபை லைவில் காணிக்கைக்கான க்யூஆர் கோடு, முதல் பாட்டிலிருந்து ஆசீர்வாதம் வரை திரையின் மூலையை விட்டு நகரவில்லை. அப்போது அனுப்பிய பணம் செல்லும், இப்போது பார்க்கிற ஆராதனை செல்லாது போலிருக்கிறது.

வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று வேதத்தில் யாக்கோபு எழுதினார். வரவழைத்தேன். "கமிட்டி எலெக்ஷன் முடியட்டும்மா" என்றார்கள். எலெக்ஷன் முடிந்து, ஜெயித்தவர்களுக்கு மாலை போட்ட படமும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. யாரும் படியேறவில்லை. சந்தா பாக்கிக்கு மட்டும் என் பெயரைச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் தவறாமல் வருகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததே, அப்போது எர்ணாவூரில் என் தங்கை மகள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு. பெண்கள் ஐக்கிய சங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டேன். பாதிப் பேர் கைகூப்பும் படம் போட்டதோடு சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் முகம்கூடப் பார்த்திராத காசிமேட்டுப் பெண் ஒருத்தி பால் பவுடர், பாய், பழைய நைட்டி எல்லாம் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றாள். இன்றைக்கும் குரூப்பில் ராத்திரி ஜெபம் முடிந்ததும் "மாத்திரை போட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்பவள் அவள்தான். இது ஐக்கியம் இல்லையாம். அப்போஸ்தலன் பவுல் சிறையிலிருந்து பிலிப்பி சபையாருக்கு நிருபம் எழுதியது எந்த ஆலயத்தில் உட்கார்ந்து என்று ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆயர்கள் தங்கள் பத்திரிகையை வாசிக்கிறார்கள், அதனால் ஒரு விண்ணப்பம். ஆசீர்வாதம் சொன்ன கையோடு லைவை அணைத்துவிடுகிறார்கள். இன்னும் பத்து நிமிடம் ஓடவிட்டு, போனை வாசல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி எழுதுங்கள். யார் யார் வந்திருக்கிறார்கள், யார் கையில் புதுக் குழந்தை என்று எங்களைப் போன்றவர்களும் பார்த்துக்கொள்வோம். க்யூஆர் கோடு வேண்டுமானால் அப்போதும் மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
பழைய வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81