நாற்காலி யாருக்குப் போட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐஐடியில் சேர எழுதுகிற ஜேஇஇ அட்வான்ஸ்டு பரீட்சையின் முடிவு வந்ததும் உங்கள் பத்திரிகையின் சேலம் பக்கத்தில் பிள்ளைகளின் படம் போடுகிறீர்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நானும் 1998-ல் இங்கிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை ஐஐடிக்குப் போனவன்தான். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தேன்.

முதல் வருஷம் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. கணக்கு வரும், அதில் சந்தேகம் வந்தால் இங்கிலீஷில் கேட்க வராது. நர்மதா விடுதியில் பக்கத்து அறை விஜயவாடாப் பையன்தான், புரியவில்லை என்று சொல்வதற்கு இலக்கணம் எதற்கு என்று தினமும் ராத்திரி சொல்லிச் சொல்லியே என்னைப் பேச வைத்தான். எத்தனை பெரிய ஆள் எதிரில் இருந்தாலும் புரியலை என்று கேட்கிற தைரியம் அங்கே வந்தது, இன்றைக்கும் என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

ஆனால் ஐஐடி என்ற பெயர் வாங்கித் தருகிற மரியாதை இருக்கிறதே, அது வேறு. என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பன் வீட்டு நிலைமையால் இங்கேயே பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். கொலுசுச் சங்கிலி பின்னுகிற மெஷின் ஒன்றை அவனே வடிவமைத்தான், கடனுக்காக ஒரு வங்கிக்கு இருவரும் போனோம். நான் சும்மா துணைக்குத்தான் போனேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்ட மேலாளர் அதற்கப்புறம் எனக்கு நாற்காலி போட்டு, மெஷினைப் பற்றி என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். அவன் நின்றுகொண்டே பதில் சொன்னான். நான் அன்றைக்கே எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பதினேழு வயதில் எழுதிய ஒரு பரீட்சைக்கு ஆயுசு முழுக்க நாற்காலியா? அதுவும் எப்படிப்பட்ட பரீட்சை! முதல் கட்டமான ஜேஇஇ மெயின் 2021 முதல் தமிழிலும் நடக்கிறது, அட்வான்ஸ்டு வினாத்தாள் இன்னும் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான். இதைப் பற்றி உங்கள் பத்திரிகை விடாமல் எழுத வேண்டும்.

சரி, இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் படங்கள் வருகிற பக்கத்தில் ஒரு நாளாவது என் நண்பனைப் போன்றவர்களின் படமும் வரட்டும். அவன் மெஷின் இப்போது சிவதாபுரத்தில் ஓடுகிறது. நிருபரை அனுப்பினால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், பேச வேண்டியது அவன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்