அம்மா திரும்பப் பின்னல் ஊசி எடுத்திட்டா

கிளிநொச்சி,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள சுகந்தி,

இஞ்ச எல்லாரும் சுகம். இரணைமடுக் குளத்தில தண்ணி இருக்கு, சிறுபோகம் விதைச்சாச்சு. பிள்ளையளின்ர படம் கிடைச்சுது. மூத்தவள் அப்பிடியே உன்ர மாமியின்ர அச்சு. நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் எண்டு தெரியும். சரி, அதை விடு.

அம்மா திரும்பக் குறோசே ஊசி, அதுதான் அந்தக் கொக்கிப் பின்னல் ஊசி, எடுத்திட்டா!

பழைய வீட்டில கதிரை, ரேடியோ, தண்ணிச் செம்பு எண்டு ஒண்டையும் விடாமல் அவ பின்னி மூடினதை நீ மறந்திருக்கமாட்டாய். 2009 இல எல்லாத்தையும் விட்டிட்டு வந்தாப் பிறகு நூலைத் தொட்டதேயில்லை. கேட்டால், "ஆருக்கு?" எண்ட ஒரு சொல்லோட முகத்தைத் திருப்பிப்போடுவா. இப்ப கண் ஒப்பரேஷன் முடிஞ்சு பார்வை தெளிஞ்சிட்டுது. புதுச் செற்றியைக் கொஞ்ச நேரம் பாத்திட்டு, "உந்தக் குஷன் மொட்டையாக் கிடக்கு, நூல் வாங்கிக்கொண்டு வா" எண்டா. எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. ஒண்டும் கதைக்காமல் சைக்கிளை எடுத்திட்டன்.

பருத்தி நூல்தான் வேணும் எண்டு சொல்லி அனுப்பினவ. அக்கிரிலிக் மலிவு, நிறமும் கன வகை. ஆனால் வன்னி வெயிலுக்கு அதில கன்னத்தை வைக்கேலுமோ? பருத்தி வேர்வையை உறிஞ்சும், செம்மண் புழுதிக்கு அடிக்கடி தோய்க்கலாம். சந்தன நிறத்தில எடுத்தன்.

நடுவில வட்டப் பூ, வெளியால போகப்போகச் சதுரம். வட்டம் தட்டையா இருக்க அவ போடுற உயரமான பின்னல் கண்ணுக்குச் சுற்றுக்குப் 12 கண் கூட்டவேணும். குறைஞ்சால் கிண்ணம் மாதிரிக் குழியும், கூடினால் ஓரம் நெளியும். அவ எண்ணிறதேயில்லை, விரலுக்கே தெரியுது. குஷன் 16 அங்குலம், உறையை 15 அங்குலத்துக்குத்தான் பின்னுறா; இழுபட்டு இருந்தால்தான் பூ விரியுமாம். ஓட்டையளுக்குள்ளால தெரிய உள்ளுக்கு அரக்குச் சீலை. சாயம் போகுதோ எண்டு முதல் ஊறவைச்சுப் பாத்துத்தான் வெட்டினவ. பின்பக்கம் இரண்டு துண்டு ஒண்டுக்கு மேல ஒண்டு, பொத்தானோட. பின்னி முடிஞ்சதை நனைச்சு, பலகையில குண்டூசி குத்திக் காயவிட்டா. மூலையெல்லாம் நேரா நிண்டுது. எவ்வளவு வடிவு, சுகந்தி! நீ பாக்கவேணும்.

இப்ப பின்னேரத்தில எங்கட விறாந்தை நிரம்பிக்கிடக்கு. முன்வீட்டு அக்காவும் வாறா. 2017 மாசியில கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர சொந்தங்கள் போராட்டம் துவங்கின நாளில இருந்து மகனைத் தேடி அங்க போய் இருக்கிறவ. "கை சும்மா இருந்தால்தானடி நினைவு வருது" எண்டா. அம்மா பேசாமல் ஒரு ஊசியை அவவின்ர கையில குடுத்தா.

எனக்குள்ள ஓடுறது இதுதான். 1840களில அயர்லாந்தில உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த நேரம், கோர்க் பக்கத்துக் கன்னியாஸ்திரியள் பெண்களுக்குக் குறோசே படிப்பிச்சவை. அந்த லேஸ் பின்னலைக் காசுள்ள ஆக்கள் வெளியூர்களில வாங்கினதாலதான் கன குடும்பத்துக்கு அடுப்பு எரிஞ்சது. எங்களுக்குக் கை இருக்கு, வாங்கிற ஆக்கள்தான் இல்லை. சந்தையில பிரிண்ட் அடிச்ச குஷன் உறை மலிவாக் கிடக்கேக்க, கன நாள் பின்னேரம் இருந்து பின்னினதுக்கு ஆர் அந்தக் கூலி தருவினம்? "பாவம், உதவி செய்வம்" எண்டு வாங்கிறவையும் எனக்கு வேண்டாம். ஒருக்கா வாங்கிப்போட்டு மறந்திடுவினம். வடிவெண்டு விரும்பி, உரிய விலை குடுக்கிறவை வேணும்.

அதால நீ செய்யவேண்டியது: ரொறொன்ரோவில கையால பின்னின உறை என்ன விலை போகுதெண்டு கடை கடையாக் கேட்டு எழுது. மெல்லிய நூலுக்கான உருக்கு ஊசி, 1.5, 1.75 மில்லிமீற்றரில, ஆரும் வரேக்க குடுத்துவிடு. மாதிரிப் புத்தகம் வாங்கினால் குறியீட்டுப் படம் உள்ளதாப் பார். அங்கத்தைய அமெரிக்கப் புத்தகத்தில டபிள் குறோசே எண்டால் உயரக் கண், எங்கட தையல் ரீச்சர் படிப்பிச்ச பிரிட்டிஷ் முறையில அது குட்டைக் கண். படமெண்டால் அம்மா வாசிக்காமலே பின்னிடுவா.

வைகாசியில வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போவம், உன்ர பேரில அர்ச்சனை செய்யிறன். உனக்கும் ஒரு உறை துவங்கியாச்சு. என்ன நிறச் சீலை வைக்கிறதெண்டு அம்மா கேக்கிறா, கெதியாச் சொல்லு.

அன்புடன்,
வதனி